நடுச்சாலை நிறுத்தமும் உன் சித்தியின் முழங்காலும்

அன்பு மகன் தே-உங்குக்குச் சித்தப்பா மா சன்-கூ எழுதுவது.

கிம்ச்சி ஊறுகாய் போடும் குளிர் வந்துவிட்டது. உள்சட்டை போடாமல் அலுவலகம் போகாதே. நீயும் மருமகளும் நலமாக இருங்கள். நல்ல வார்த்தை இத்தோடு முடிந்தது.

சியோலின் பேருந்துத் தடங்களுக்கு வரைபடம் போடுகிறவன் என் அண்ணன் மகன் என்று ஊரெல்லாம் பெருமையடித்த வாய் இது. எங்கள் வீட்டெதிரே ஓரமாக இருந்த நிறுத்தத்தைத் தூக்கிச் சாலை நடுவில் வைத்துவிட்டாயே, ஏன்டா? பேருந்து வேகமாகப் போகும் என்றாய், போகிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதற்காகக் காத்திருக்கிறவன் இந்தப் பக்கம் பேருந்து, அந்தப் பக்கம் லாரி என்று இரண்டு இரைச்சலுக்கு நடுவில் நிற்கிறானே, அவனை உன் வரைபடத்தில் எங்கே போட்டாய்? உன் சித்தி பூன்-நியோ முழங்கால் சிகிச்சைக்கு வாராவாரம் அங்கேதான் ஏற வேண்டும். அவள் பாதி தூரம் வருவதற்குள் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்துவிடுகிறது. நம் வீட்டு ஆண்கள் என்றைக்காவது மனைவியோடு சேர்ந்து நடந்திருக்கிறோமா? நாலடி முன்னால் போவதுதானே வழக்கம். இப்போது பட்டப்பகலில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். சலவைக்கடை பாங் வாசலில் நின்று, "என்னண்ணே, இந்த வயசுல தேனிலவா?" என்று கத்துகிறான்.

போன வாரம் நிறுத்தத்தில் நின்று, "மூலத்துக்குக் களிம்பு வாங்கணும், ஞாபகப்படுத்து" என்றேன். "ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு விழுந்து அத்தனை வண்டியும் நின்றுவிட்டது. அந்த அமைதியில் என் மூலம் மட்டும் தெருமுழுக்க முழங்கியது. ஒரு புண்ணியவதி பதறி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்காரத்தான் முடியாதேடா! அன்றிலிருந்து உன் சித்தியின் காதோரம் குனிந்துதான் பேசுகிறேன். மானம் போகிறது.

நிறுத்தத்தை ஓரத்துக்கே கொண்டுவா. முடியாவிட்டால் பச்சை விளக்கையாவது நீட்டு. அவள் நடுவழியில் விழுந்தால் உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் பிள்ளைகள் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கிற ஊரில் வளரட்டும்.

இப்படிக்கு,
சித்தப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் சித்தி இதைப் படித்துவிட்டாள். "நிறுத்தத்த மாத்தச் சொல்லி உங்கள யாரு கேட்டா? கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க முதுகப் பாத்துக்கிட்டேதான் நடந்தேன். இப்பத்தான் கையப் புடிக்கிறீங்க, காதுல பேசுறீங்க. ஓரத்துக்கு வந்துட்டா மறுபடி முன்னால போயிடுவீங்க" என்றாள். ஆகவே நிறுத்தம் அங்கேயே இருக்கட்டும். விளக்கையாவது நீட்டச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "கொஞ்சமா நீட்டச் சொல்லுங்க. கைய விடுற அளவுக்கு வேணாம்" என்கிறாள்.