காரை விற்று வாங்கிய பேக்

காரை விற்று பேக் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ்காரர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் பேக் அண்ணன்.

அது தோளில் மாட்டும் பேக் அல்ல. அண்ணன் நிலக்காட்சி மட்டுமே எடுக்கும் புகைப்படப் பித்தர். அவரிடம் செங்கல் கனத்தில் ஒரு மீடியம் ஃபார்மெட் கேமரா உண்டு. முன்னால் லென்ஸ், நடுவில் பெட்டி, பின்னால் கழற்றி மாட்டக்கூடிய டிஜிட்டல் பேக். படம் பதிவாவது அந்தப் பின்துண்டில்தான். புதிது வந்தால் பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டலாம், வசதி இருந்தால். அந்தத் துண்டின் விலைக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம் என்பார்கள். அண்ணன் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்.

எனக்கும் அதே பைத்தியம்தான். ஆனால் என்னுடையது கழுத்தில் மாட்டினால் சுளுக்குப் பிடிக்காத சாதாரண கேமரா. அதை வைத்தே எனக்கு ஒரு பெருமை இருந்தது. கிள்ளானில் ஒரு நகைக்கடை வருடாவருடம் போடும் நாட்காட்டியில் என் படம்தான் வரும். வயலோ, கடலோ, மலையோ, எடுத்தவன் நான். என் மாமியார் வீடும் கிள்ளானில்தான். அந்த வீட்டில் என்னை மதித்தது நாட்காட்டி மாட்டிய சுவர் ஒன்றுதான்.

அண்ணனுக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தில் மனிதர்கள் இருக்கக் கூடாது. "மனுஷன் வந்துட்டா அது லேண்ட்ஸ்கேப் இல்ல தம்பி, குரூப் போட்டோ" என்பார். ஒருமுறை புரோகா மலை உச்சியில் சூரியன் எழுந்து நிற்க, முன்னால் இளவட்டங்கள் கைப்பேசியில் தங்களையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும் போனார்.

"பாஸ், கொஞ்சம் இறங்கிப் போறீங்களா? மலைய எடுக்கணும்."

"அங்கிள், நாங்களும் மலையப் பாக்கத்தான் வந்தோம்."

"பாத்துட்டீங்கல்ல, இறங்குங்க லா."

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பெரிய கேமரா வைத்திருக்கிறாரே என்று நம்பி அவரைப் படமெடுக்கச் சொன்னார்கள். அண்ணன் கேமரா முக்காலியை நட்டுவிட்டுக் காத்திருந்தார். தாலி கட்டியாயிற்று, சாப்பாடு முடிந்தது, மாப்பிள்ளையும் பெண்ணும் காரேறிப் போனார்கள். கடைசி ஆளும் வெளியேறிய பிறகு, ஆளில்லாத மணமேடையை ஒரே ஒரு படம் எடுத்தார். அந்தக் குடும்பம் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. "மேடை எவ்ளோ அழகு தெரியுமா? அன்னிக்கு முழுக்க எல்லாரும் மறைச்சுக்கிட்டே நின்னாங்க" என்று அவர்தான் குறைப்பட்டுக்கொண்டார்.

இனி பேக் கதைக்கு வருகிறேன். அண்ணன் தன் மனைவி வசந்தா அக்காவிடம் மறைத்து எதையும் செய்ததில்லை. ஒருநாள் பசியாறும்போது முறையாக அனுமதி கேட்டார். "பழைய பேக் போதல வசந்தா. புதுசு ஒண்ணு வாங்கணும்."

கேமரா வைக்கும் பை கிழிந்து ஊக்கு குத்தியிருந்ததை அக்கா பல நாளாகப் பார்த்து வருகிறார். "தாராளமா வாங்குங்க. ஜிப்பு கெட்டியா இருக்கணும், மழைக்குத் தாங்கணும்" என்றார். ஜிப்புக்கும் டிஜிட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் யோசித்திருக்கலாம். அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் யோசிக்கவில்லை.

காரை விற்ற கையோடு பெட்டாலிங் ஜெயாவில் பேக்கை வாங்கிவிட்டு எனக்குத்தான் போன் போட்டார். திரும்பி வர வண்டி இல்லையே. மடியில் பெட்டியை வைத்து இரு கையாலும் அணைத்தபடி என் காரில் ஏறினார். வழியெல்லாம், ஒவ்வொரு வேகத்தடைக்கும், "பம்ப் வருது தம்பி, மெல்ல... பம்ப் வருது, மெல்ல" என்று உயிரை வாங்கினார். என் வயிறு எரியத் தொடங்கியது அந்தப் பயணத்தில்தான்.

வீட்டில் அக்கா பெட்டியைத் திறந்தார். உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு துண்டு.

"பேக் எங்க?"

"இதான் பேக்."

"இதுல என்னத்தப் போடுறது?"

"வெளிச்சத்த."

அக்கா வாசலை எட்டிப் பார்த்தார். "கார் எங்க?"

அண்ணன் மறுபடியும் பேக்கைக் காட்டினார்.

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அண்ணனை நான் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் அக்கா கிள்ளானில் இருந்த தங்கைக்குப் போன் போட்டு, "காரை வித்து பேக் வாங்கிட்டு வந்திருக்காருடி" என்று அழுதிருக்கிறார். தங்கை நாலு பேருக்குச் சொல்ல, அந்த நாலு பேரும் சும்மா இருப்பார்களா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன அக்காவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, அண்ணே காரை வித்து ஒங்களுக்கு பேக் வாங்கித் தந்தாராமே? என்ன பிராண்டு?"

"எங்க வீட்டு மனுஷன் ஓட்ட சைக்கிளக்கூட விக்க மாட்டாரு."

அக்கா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். இத்தனை வருடத்தில் ஊரே தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றுதான். மறுநாள் வீட்டில் நண்டுக் குழம்பு. "வசந்தா மனசு மாறிட்டா தம்பி" என்று அண்ணன் காரணம் தெரியாமல் பூரித்தார். என் மனைவியோ, "நீங்க எனக்காக எதை வித்தீங்க?" என்று கேட்டாள். அது கேமராவின் பின்பாகம் என்று எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை.

எரிந்துகொண்டிருந்த என் வயிற்றில் எண்ணெய் வார்த்தது படங்கள்தான். அண்ணன் கணினியில் செகிஞ்சான் ஊர் வயலைக் காட்டினார். பெரிதாக்கினார். பயிர் தெரிந்தது. "இன்னும் உள்ள போலாம்" என்றார். கதிர் தெரிந்தது. "இன்னும் போலாம்." நெல்லின் மூக்கில் ஒட்டிய பனித்துளி தெரிந்தது. "பரவால்லண்ணே" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஆனாலும் வாராவாரம் அவரை ஏற்றிக்கொண்டு போனவன் நான்தான். போகாவிட்டால் அவர் வாடகை வண்டியில் போய், எனக்குத் தெரியாமல் நல்ல படம் எடுத்துவிடுவார். எரிவதுதான் எரிகிறோம், கண்ணால் பார்த்தே எரிவோம் என்று போனேன்.

ஒரு காலையில் செகிஞ்சானில் தங்கத்தை உருக்கி ஊற்றியது போல வெயில் வந்தது. அண்ணன் சாலையோரம் முக்காலியை நட்டார். நான் வேறு கோணம் தேடி வரப்பில் இறங்கி, தூரத்தில் போய்க் குந்தினேன். 'தம்பி, நகரு' என்ற அதட்டல் இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை.

அந்த வருடக் கடைசியில் நகைக்கடைக்காரர் கூப்பிட்டார். "இந்த வருசம் ஒங்க ஃபிரண்டு படத்தப் போடுறோம் சார். கோவிச்சுக்காதீங்க லா." கோபமில்லை என்றேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமியார் என் படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் அண்ணனின் வயலை மாட்டினார். "ஒங்களுதவிட இது தெளிவா இருக்கு மாப்ள" என்றார். ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தே தீருவது என்று சுவரில் மூக்கு உரச நின்றேன். பின்னால் நின்ற மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இங்க பாருங்க, இந்த ஆளு ஒங்கள மாதிரியே இல்ல?" என்றார்.

வரப்பின் நடுவில் எறும்பளவுக்கு ஒருவன் குந்தியிருந்தான். வழுக்கை மின்னியது. ஒரு கையில் கேமரா, மறு கையில் கோப்பி ஊற்றிக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பேக். நானேதான்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "என்னண்ணே இது, படத்துல ஆளு நிக்குது? கம்ப்யூட்டர்ல அழிச்சிருக்கலாமே."

"அழிச்சுப் பாத்தேன் தம்பி. வயலு காலியாப் போச்சு."

பிறகு அவரே, "பழைய பேக்குன்னா நீ வெறும் புள்ளிதான். இதுலதான் மூஞ்சி தெரியுது" என்றார்.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, அந்த பேக்கைப் பார்த்தால் இன்னும் எரியத்தான் செய்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையும் விடிவதற்கு முன்னால் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்துவேன். அண்ணன் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பம்ப் வருது என்று இப்போதெல்லாம் அவர் சொல்வதில்லை, அவர் வாய் திறக்கும் முன்பே நான் மெதுவாக்கிவிடுகிறேன்.