வராத மாணவனைப் பாராட்டிய கதை

யாரையாவது பாராட்டுவதென்றால் முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. இது எனக்குத் தெரியவந்த விதத்தை நினைத்தால் இப்போதும் முதுகு சில்லிடும்.

ஒரகடம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. "சும்மா 'குட்', 'சூப்பர்'னு சொல்லாதீங்க. யாரு, என்ன செஞ்சாங்க, அதுல எது நல்லா இருந்துச்சுன்னு பிட்டுப் பிட்டு வெச்சுப் பாராட்டுங்க" என்று முதல்வர் சொல்லியிருந்தார். (நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஆள் தேடி அலைந்தேன்.)

ஒரு மழை நாள் சாயங்காலம், கரண்ட் இல்லை. எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். பட்டறையிலிருந்து மட்டும் அரம் ராவும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அரையிருட்டில் எனக்கு முதுகு காட்டி ஓர் உருவம். தலையில் தொப்பி, தோளில் ஒட்டுப்போட்ட நீலக் கோட்டு. அது என் வகுப்பு மாணவன் பிரவீனுடைய கோட்டு, மற்றவர்களுக்கெல்லாம் காக்கி. இடது கையால் ராவி, தூளை ஊதி, மூலைமட்டத்தை வைத்துக் கோணம் சரியா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி ராவியது. தொந்தரவு செய்யாமல் நழுவிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் பிரவீனை எழுப்பி, ஒன்று விடாமல் சொல்லிப் பாராட்டினேன். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"மேடம், நேத்து நான் காலேஜுக்கே வரல. வல்லம் வடகால்ல எங்க சித்தப்பாவுக்குக் காரியம்."

"அப்ப அந்தக் கோட்டு?"

"அது சித்தப்பாவோடது. கம்பெனியில ஃபிட்டரா இருந்தாரு. அவருக்கு இடது கைப் பழக்கம் மேடம்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மெதுவாக, "சித்தப்பாவையே பாராட்டிட்டீங்க மேடம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. (இயந்திரவியலில் பட்டம் வாங்கிய நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.) அன்று ஒருவரும் பட்டறைக்குள் போகவில்லை.

அடுத்த நாள் பிரவீனின் சித்தி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணிக்கினு இருந்தாரும்மா? நல்லா இருந்தாரா?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து, "மேடம், அது நான்தான்" என்று குரல் வந்தது. ஸ்டெல்லா. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும், வகுப்பில் வாயே திறக்காத பெண். மழையில் நனைந்ததால் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டிருக்கிறாள்.

"நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க அவ்ளோ நல்லா சொன்னீங்க. நான்னு சொன்னா நம்புவீங்களான்னு தெரியல மேடம்."

என்னைத் தலையில் குட்டியது போலிருந்தது.

சித்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு வாட்டி செஞ்சு காட்டும்மா" என்றார். பட்டறையில் ஸ்டெல்லா இடது கையால் ராவினாள், ஊதினாள், வெளிச்சத்தில் பார்த்தாள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரும் இப்படித்தான், லேசுல ஒத்துக்க மாட்டாரு. இந்தக் கோட்டு இந்தப் பொண்ணுக்கே இருக்கட்டும் பிரவீனு" என்றார்.

அந்த ஆண்டு செய்முறைத் தேர்வில் ஸ்டெல்லாதான் முதல். எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லிப் பாராட்டினேன், முகத்தைப் பார்த்துத்தான்.

கதை எப்படியோ எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சாம்பார் நன்றாயிருக்கிறது என்று நான் வாய் திறந்தால் போதும், என் கணவர் கரண்டியோடு வந்து எதிரில் நிற்பார். "நல்லா பாத்துக்க. நான்தானே?"