அடுப்பு வரி

"குழாய்த் தண்ணி வரட்டும், நானும் வாறேன்" என்று சொல்லிவிட்டு ஜுமைலா சுள்ளிக்கல்லில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மட்டாஞ்சேரி மிளகு மண்டியில் குமாஸ்தாவான சிகாபுதீனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பாவம். தெருக்கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் வள்ளத்தில், படகேறி வந்தால் குடமும் கையுமாக அடிதடி. பெண்பிள்ளை கோபித்துக்கொண்டு போகாமல் என்ன செய்வாள்?

நகரசபையில் போய் நின்றான். பெரிய குழாய் தெருமுனைவரை வந்தாயிற்று, உள்ளே இழுக்கும் செலவைத் தெருக்காரர்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மனுஷனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. குழாய்க் கமிட்டி பிறந்தது, தலைவர் சிகாபுதீன். வரி போடவும் கடன் பத்திரம் விற்கவும் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு என்று வீடு விடாமல் கையெழுத்து வாங்கினான். நகரசபையும் முத்திரை குத்தியது.

வரி எதன்மேல்? அடுப்புக்கு மாசம் ஒரு ரூபாய் என்றான். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் தனித்தனியாகப் பொங்கினால் மூன்று ரூபாய். நியாயம்தானே? மறுநாளே அடுப்புகள் அணைய ஆரம்பித்தன. வருஷக்கணக்காக முகத்தில் விழிக்காத அண்ணன் தம்பிகள் ஒரே உலையில் அரிசி போட்டார்கள். மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வசூலுக்குப் போனால் தெருவே ஒற்றுமையாக நின்று சிரித்தது.

சரி, பத்திரம் விற்போம் என்று சாயாக்கடை செல்லப்பாவிடம் ஓடினான். அவரோ ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவர்.

"அடுப்பு இப்படிக் குறைஞ்சா என் வட்டிய யாரு தருவா? இன்னிக்குக் கூட்டுவான், நாளைக்குக் குறைப்பான். கணக்கு ஆடக்கூடாது தம்பி."

ஆடாமல் இருக்க சிகாபுதீன் ஒரு சட்டம் போட்டான். இன்று எத்தனை அடுப்பு புகைகிறதோ அத்தனைதான். கடன் தீரப் பத்து வருஷம், அதுவரை எவரும் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. அடுப்பு குறைந்துவிட்டதால் ஒன்றுக்கு வரி மாசம் மூன்று ரூபாய். செல்லப்பா பத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ஒற்றுமை அடிப்பிடித்தது. எங்களைப் பிரித்துவிடு என்று கமிட்டி வாசலில் ஒரே அழுகை. தலைவர் வீட்டுக்கும் இதே சட்டமா என்று ஒருவன் கேட்டான்.

"எனக்கும்தான். கல்யாணமான நாள்லேருந்து அண்ணன் வீட்டு உலையிலதான் எங்களுக்கும் சோறு. பத்து வருஷத்துக்கு அது மாறாது" என்று சிகாபுதீன் எல்லோர் முன்னாலும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான்.

குழாயில் தண்ணீர் கொட்டிய அன்றைக்கே புதுச்சட்டை மாட்டிக்கொண்டு சுள்ளிக்கல்லுக்குப் பறந்தான். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமியார் ஆரிஃபா சாயா கொடுத்தாள். ஜுமைலா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவன் குழாய் வந்த கதையை, வரியை, பத்திரத்தை, தான் போட்ட பத்து வருஷச் சட்டத்தை ஒன்று விடாமல் சொல்லி முடித்து, பொட்டியைக் கட்டச் சொன்னான்.

உள்ளே கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

ஆரிஃபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தண்ணிக்காகவா வந்தா, மாப்பிள்ளே? உங்க அண்ணன் பொஞ்சாதியோட ஒரே அடுப்புல மல்லுக்கட்ட முடியாமத்தான் வந்தா. அதை வாய்விட்டுச் சொல்ல வெக்கப்பட்டு, குழாய் எங்க வரப்போவுது, அதுக்குள்ள நீங்களே தனி அடுப்பு போட்டுருவீங்கன்னு இருந்தா."