தெருவை மறித்த லுங்கிகள்

மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் ‘பிறவித் தலைவி’ என்பார்கள். நானும் மறுக்காமல் மாலைக்குக் கழுத்தை நீட்டிவிடுவேன். வீட்டில் அந்தப் பேச்சு செல்லாது. என் முதல் போராட்டம் எந்த லட்சணத்தில் நடந்தது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் பிறந்து வளர்ந்தது ரங்கூனில். அறுபதுகளின் நடுவில் எங்களை வெறுங்கையோடு கப்பலேற்றிவிட்டார்கள். கணவருக்குப் பூர்வீகம் திண்டிவனம் பக்கம் என்பதால் இங்கே வந்து ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டோம். பின்னாலேயே இன்னும் முப்பது குடும்பம் வந்தது, எல்லாம் பர்மாக்காரர்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை. குடிசைகளைப் பிரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது.

மனு எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள் ஆண்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்போது இருபத்து நான்கு வயது. எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. (இப்போதும் கொஞ்சம் உண்டு.) அங்கே பெண்களுக்கும் லுங்கிதான் உடை. பெண் கட்டிய லுங்கிக்கு அடியில் ஆண்பிள்ளை நுழைந்தால் அவன் வீரம், அதிகாரம் எல்லாம் அத்தோடு போச்சு என்பது பர்மாவில் நம்பிக்கை. கொடியில் லுங்கி காய்ந்தால் போலீஸ்காரன்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான். தெரு முனையில் நம் லுங்கிகளைத் தொங்கவிடுவோம், இன்ஸ்பெக்டர் எப்படி உள்ளே வருகிறார் பார்க்கலாம் என்றேன். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். திண்டிவனத்துக்காரர் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

மனு எழுத ஆண்கள் விடியற்காலையிலேயே ஊருக்குள் போய்விட்டார்கள். நாங்கள் கயிறு கட்டினோம். சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது என்று முப்பது லுங்கிகள். நடுநாயகமாக என் பச்சை லுங்கி.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே தலையாரியும் கடப்பாரையோடு நாலு ஆட்களும். லுங்கிகளைப் பார்த்து நின்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“தோரணமெல்லாம் பலமா இருக்குதே” என்றார்.

குனிந்து என் லுங்கிக்கு அடியில் நுழைந்தார். வெயிலுக்கு அதன் நுனியிலேயே கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரம் இப்போது போகும், இதோ போகும் என்று பார்த்தேன். அது சௌக்கியமாகவே இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஆண்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். ஒரு புறம் ஏரி, மறுபுறம் முள்வேலி, வேறு வழி கிடையாது. மனு வெளியே, இன்ஸ்பெக்டர் உள்ளே. என் வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டேன்.

“அத மொதல்ல அவுத்து வுடு. நான் அதுல பூந்து வர்றதா?” என்றார்.

நான் போட்ட முடிச்சு. அவிழவே இல்லை.

பேச ஆம்பளைகள் யாரும் இல்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். முப்பது பேர் இருக்கிறார்கள், வரத்தான் முடியாது என்று சொல்லி, காரணத்தையும் சொல்லவேண்டியதாயிற்று. அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தை இன்னொரு தரம் துடைத்தார். கடப்பாரை ஆட்கள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

“அப்ப நீயே பேசும்மா” என்றார்.

மானம் போன பிறகு பயம் எதற்கு? பேசினேன்.

“அங்க இருந்ததெல்லாம் வாங்கிக்கினு கப்பல் ஏத்திட்டாங்க சார். இங்க எங்களுக்கு இருக்கறது இந்த ஓலைதான். இதையும் எடுத்துக்கினீங்கன்னா, அடுத்த கப்பல் எங்க நிக்குதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்டர் பதினைந்து நாள் தவணை கொடுத்து, விழுப்புரத்துக்குப் பெரிய அதிகாரி முகாம் வருகிறார், நேரில் போய்க் கேள் என்றார். பன்னிரண்டு பெண்களோடு பாசஞ்சர் ரயில் ஏறினேன். மறு வருஷம் முப்பத்தொரு வீட்டுக்கும் பட்டா வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது வந்த பெருமை, பின்னால் இரண்டு முறை நகராட்சிக்கு ஜெயித்தபோதுகூட வரவில்லை.

என் கணவர் மட்டும் இதையெல்லாம் தன் சாதனை என்றே இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். என்னைப் பார்க்க யார் வந்தாலும் காபியை நீட்டிக்கொண்டே ஆரம்பித்துவிடுவார்.

“அன்னிக்கி நான் மட்டும் குனிஞ்சி உள்ள வந்திருந்தா, இவ இன்னிக்கி அடுப்பங்கரையில இருந்திருப்பா.”

அந்தக் காபியை அடுப்பங்கரையில் நின்று போட்டது நான்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.