மௌலா அலியிலிருந்து தார்நாகாவுக்கு, பதினாலு கேள்விகளோடு

மௌலா அலி,
மே 21

அன்புள்ள சாருலதா அண்ணிக்கு,

ரோகிணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தம்பி, சுஷ்மாக்குட்டி மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் "சுருக்கமாச் சொல்லு" என்பீர்கள். இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை என்பதால், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதற்றம் ஒன்றுமில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் வீட்டுக்காரர் பத்ரிநாராயணன் சார் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "பையன் பூனாலேருந்து வர்றான்மா, வீடு வேணும்" என்றார். சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடி வந்தேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சாமான்களோடும் நாலு வயதுக் குழந்தையோடும் எங்கே போய் நிற்பது? சுஷ்மாவின் பள்ளிக்கூடம் தார்நாகாவில் இருப்பதால் அங்கேயே தேடலாம் என்று உங்கள் தம்பி சொன்னார். சொன்னதோடு அவர் வேலை முடிந்தது. தேடியது நான்.

அம்பி என்று ஒரு புரோக்கர். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழர். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் வீடு 'டி2ஈ3ஏ'. அவ்வளவுதான், முகவரி கிடையாது. "முகவரி நக்கோ மேடம். போட்டா நீங்க நேரா ஓனர்கிட்ட போயிடுவீங்க, நாங்க என்னத்தைத் திங்கறது?" என்றார். (நக்கோ என்றால் இந்த ஊர் உருதுவில் வேண்டாம்.) பிறகு அவரே விளக்கினார்: டி என்றால் தார்நாகா, 2 படுக்கையறை, ஈ என்றால் கிழக்குப் பார்த்த வாசல், 3 மூன்றாவது மாடி, கடைசி ஏ அம்பி. நூற்று நாற்பது புரோக்கர்கள் இருக்கும் குழுவில் இதைப் போடுவார்களாம். வேறொருவர் எடுத்துத் தன் ஆளுக்கு அனுப்பும்போது தன் எழுத்தை வாலில் சேர்த்துக்கொள்வாராம். நான்தான் புள்ளியியல் படித்தவளாயிற்றே, உடனே நோட்டில் கட்டம் போட்டு எழுதத் தொடங்கினேன். ஆனால் வாலைப் பற்றி அம்பி சொன்னது நான் மூன்று வீடு பார்த்து முடித்த பிறகு. மூன்றும் ஒரே வீடு அண்ணி! 'டி2ஈ3ஏ', 'டி2ஈ3ஏபி', 'டி2ஈ3ஏபிஎஸ்' என்று மூன்று புரோக்கர்கள் மூன்று நாள் மூன்று வழியாகக் கூட்டிப்போனார்கள். இரண்டாவது தடவையே எனக்குச் சந்தேகம்தான், ஆனால் இந்த ஊரில் எல்லா அடுக்குமாடியும் ஒரே மாதிரி இருப்பதால் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை சுஷ்மா செருப்பைக் கழற்றி நேராகப் போய் பாத்ரூம் விளக்கைப் போட்டுவிட்டு, "மம்மீ, மள்ளி இதேனா?" என்றாள், மறுபடி இதேதானா என்று தெலுங்கில். வாட்ச்மேன் எங்களுக்கு நாற்காலியே போட்டுவிட்டான்.

அந்த வீட்டில் வெளிச்சம் போதாது என்று விட்டோம். அதற்குப் பிறகு பதினைந்து நாள் ஒரு வீடும் வரவில்லை. யாரைக் கேட்டாலும் "அது போயிடுச்சு மேடம்." அப்போதுதான் அம்பி கை தவறி, வீடு தேடுகிறவர்களின் பட்டியலை எனக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்கு மட்டுமில்லை, நமக்கும் குறியீடு போடுகிறார்கள் அண்ணி. அதில் ஒன்று: 'எஃப்3-டி2-சி4-க்யூ14'. குடும்பம், மூன்று பேர். தார்நாகாவில் இரண்டு அறை. குழந்தைக்கு நாலு வயது. நாங்களேதான். க்யூ14 மட்டும் பிடிபடவில்லை. அம்பியைக் கூப்பிட்டேன்.

"அது நக்கோ மேடம், விடுங்க."

"சொல்லுங்க அம்பி."

"க்யூன்னா கேள்வி மேடம். பதினாலு கேள்வி கேக்கற பார்ட்டி. தொட்டி எப்போ கழுவினாங்க, பால்கனி கம்பிக்குள்ள குழந்தை தலை போகுமா, லிஃப்ட் நின்னா யாரு வருவா... அதான் யாரும் காட்ட மாட்டேங்கறாங்க."

"நான் கேட்டது பதினொண்ணுதான்!"

"ஹவ் மேடம், ஆமா, கை மாறக் கை மாற ஏறும்."

அன்று அழுதேன் என்று உங்கள் தம்பி சொல்லியிருப்பார். கொஞ்சம்தான். இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாளே அம்பியிடமிருந்து போன். தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டெல்லா மேடம், நாகர்கோவில்காரர், கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிறார். அம்பி கொண்டுபோன பட்டியலைப் பார்த்து, க்யூ14 என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அந்தப் பதினாலைக் கூட்டிட்டு வா" என்றாராம். போனோம். "கேளும்மா" என்றார். ஒன்றுமில்லை மேடம் என்றேன். "முன்னாடி இருந்தவங்க ஒரு கேள்வி கேட்டதில்ல. எட்டு மாசம் குழாய் ஒழுகி சுவர் ஊறிப் போச்சு, அதையும் சொல்லல. கேட்டாத்தான் உனக்கு வீடு." கேட்டேன் அண்ணி. இருபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, இரண்டை மட்டும் பிளம்பருக்கென்று குறித்துக்கொண்டார்.

வீடு கிடைத்துவிட்டது. வரும் ஞாயிறு காலை பால் காய்ச்சுகிறோம். நீங்களும் அண்ணாவும் சனிக்கிழமையே ரயிலேறிவிடுங்கள். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு உங்கள் தம்பி வருவார். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், குழந்தைகளுக்கு சுஷ்மாவின் முத்தங்கள்.

இப்போது நிம்மதியாக இருக்கும்,
ரோகிணி

பி.கு: தபாலில் சேர்க்கும் முன் காலையில் கீழே போய், ஞாயிற்றுக்கிழமை காலி செய்கிறோம் சார் என்று பத்ரிநாராயணன் சாரிடம் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இந்த ஞாயிறா? கைக்குமா, எதுக்கு இவ்வளவு அவசரம்? பையன் வர்றது அடுத்த சங்கராந்திக்கு. எல்லாத்தையும் கேப்பீங்களே, எப்போன்னு இதை மட்டும் கேக்கவே இல்லையேம்மா!" இது உங்கள் தம்பிக்கு இன்னும் தெரியாது. ஆகவே அண்ணி, ஞாயிற்றுக்கிழமை வரும்போது தயவுசெய்து எதுவும் கேட்காமல் பால் மட்டும் குடியுங்கள்.