செக்கன் அண்ணையும் காணாமல்போன அரைச் செக்கனும்

சிசிலித் தீவின் பலெர்மோவில் ஒரே ஒரு பஸ் சாரதியாவது நேரத்துக்கு வண்டி எடுத்திருந்தால், அதற்குக் காரணம் எங்கள் செக்கன் அண்ணைதான். இதை எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். பிரான்காச்சோவுக்குப் போகிற காலை பஸ் வந்து நின்றதும் அவர் முன்கதவால் ஏறி, கழுத்தில் தொங்கும் ஸ்டொப்வோச்சைச் சாரதியின் மூக்குக்கு நேரே பிடிப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு மாதத்தில் அந்தச் சாரதி வேறு வழிக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். அடுத்து வந்தவர் நிமிசம் பிசகாமல் வந்தார்.

அவருடைய பெர்மெசோவில், அதாவது இங்கே இருக்க அனுமதிக்கிற கடதாசியில், ஒரு பெயர் இருந்தது. அதைக் கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராக்காரரைத் தவிர வேறு ஒருவரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதில்லை. ஊரில் தீவுப்பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டுப் போட்டிக்கு நேரம் பிடிக்கிற மாஸ்டராக இருந்தவர். சண்டை துவங்கி வெளிக்கிட்டபோது ஒரு பையோடு வந்தார். அந்தப் பை மொஸ்கோவில் தொலைந்தது. கழுத்தில் கிடந்தபடியால் ஸ்டொப்வோச் மட்டும் தப்பியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரேத்தோவில் ஒரு சின்ன வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் ஒரு குளியலறை. நான் உள்ளே போய் வெளியே வந்தால் அண்ணை வாசலிலேயே நிற்பார்.

"பதினொரு நிமிசம் இருவது செக்கன். நேற்றையிலும் பாக்க ரெண்டு நிமிசம் கூட. வயித்திலை ஏதும் பிழையோ தம்பி?"

நான் சைவக்காரன் என்பதால் குளியலறையோடு தப்பினேன். அவர் வேதக்காரர், கத்தோலிக்கர் என்பதால் கோயிலில் சுவாமியார்தான் மாட்டினார். தமிழ்ப் பூசை முடிந்ததும் சுவாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகச் சொல்வார்: "சுவாமி, இண்டைக்குப் பிரசங்கம் இருபத்திரண்டு நிமிசம். ஆனால் அது பதினாலாவது நிமிசத்திலேயே முடிஞ்சுது. நீங்கள்தான் கவனிக்கேல்லை."

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு வேலை கிடைத்தது பாருங்கள், அதைத்தான் நான் விதி என்பேன். பிரான்காச்சோவில் ஒரு வேர்க்ஷொப். கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே போனபிறகுதான் தெரிந்தது, ஷட்டருக்குப் பின்னால் நின்றது ரேஸ் கார் என்று. ஒரே சீட், கூரை கிடையாது, நாலு சில்லும் வெளியே. பெரிய ஃபோர்முலாவுக்குப் போக ஆசைப்படுகிற பொடியன்கள் முதலில் ஓடிப் பழகுகிற சின்ன ஃபோர்முலா. பிரேசிலிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும்கூடப் பொடியன்கள் வந்து ஓடுகிற போட்டி அது. மற்ற அணிகளுக்கெல்லாம் லொறி, கூடாரம், சமையல்காரர். எங்கள் அணிக்கு ஒரு வான், ஒரு கார், வேர்க்ஷொப் முதலாளி மாஸ்த்ரோ, அவருடைய மச்சான், ஓட்டுநர் சால்வோ. அவ்வளவுதான்.

சால்வோவுக்கு இருபத்தொரு வயது. அவனுடைய தகப்பனுக்கு சியாகுல்லியில் மாந்தரீன் தோடம்பழத் தோட்டம். தகப்பன் ஒரே ஒரு வருசம் தவணை கொடுத்திருந்தார். அந்த சீசனில் முதல் மூன்று பேர் நிற்கிற மேடையில் ஒருதரமாவது ஏறவேண்டும். இல்லையென்றால் மாந்தரீன் பிடுங்குகிற ஏணியில் ஏறவேண்டும், ஆயுள் முழுக்க.

சீசன் துவங்கமுதல் கடைசிப் பயிற்சியில் அணிக்கு நேரம் பிடித்தவர் மச்சான். அவர் சால்வோவின் ஞானத்தகப்பன். கார் கோட்டை நெருங்குகிறபோதே பாசம் பொங்கிக் வோச்சைக் கொஞ்சம் முந்தியே அமத்திவிடுவார். அவருடைய கொப்பியின்படி சால்வோ உலக வீரன். தும்புத்தடியோடு நின்ற செக்கன் அண்ணை தன்னுடைய வோச்சைப் பார்த்துவிட்டு இத்தாலியனில் ஒரு நேரத்தைச் சொன்னார். மச்சான் சொன்னதைவிட முக்கால் செக்கன் கூட. எல்லாரும் அவர் மேல் பாய்ந்தார்கள். பிறகு போட்டி நடத்துகிறவர்களின் நேரக் கடதாசி வந்தது. செக்கன் அண்ணை சொன்னதுக்கும் அதுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அன்றைக்கே மாஸ்த்ரோ தும்புத்தடியை வாங்கி மச்சானின் கையில் கொடுத்தார்.

இதில் ஒரு சிக்கல். அண்ணைக்கு இத்தாலியனில் இலக்கம் மட்டும்தான் தெரியும். இலக்கமென்றால் ஆயிரத்தில் ஒரு பங்குவரை தண்ணீராக ஓடும். ஆனால் தண்ணீர் வேண்டுமென்று கேட்கத் தெரியாது. எனவே மொழிபெயர்க்க என்னை இழுத்தார்.

"தம்பி, வெள்ளி சனி ஞாயிறு உனக்கு லீவுதானே?"

"ஓம் அண்ணை, நித்திரை கொள்ளலாமெண்டு..."

"வானுக்குள்ளை கொள்ளு. வெளிக்கிடு."

நான் இத்தாலியன் படித்தது சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற எண்பது வயதுச் சீமாட்டி ஒருவரின் வீட்டில் வேலைக்கு நின்று, தேநீர் பரிமாறியபடி. ஆகவே மெக்கானிக்கைப் பார்த்து என் வாயிலிருந்து வந்ததெல்லாம், 'மதிப்புக்குரிய ஐயா, தங்களுக்குச் சிரமமில்லையென்றால் அந்த நட்டைச் சற்று இறுக்குவீர்களா' என்கிற பாசைதான். மாஸ்த்ரோ பதிலுக்குச் சொன்னவற்றை நான் இன்றுவரை ஒருவருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

மெஸ்ஸீனாவில் வானைக் கப்பலில் ஏற்றி வடக்கே போனோம். முதல் ஓட்டத்தில் பதினேழாவது. இரண்டாவதில் பத்தொன்பதாவது. மூன்றாவதில் சால்வோ மணலுக்குள் போய் இருந்தான். முன்னுக்கு ஓடுகிறவர்களைவிட ஒவ்வொரு சுற்றுக்கும் அரைச் செக்கன் பின்தங்கினான். மாஸ்த்ரோ எஞ்சினை இரண்டுதரம் கழற்றிப் பூட்டினார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

"அரைச் செக்கன் எங்கையோ விழுந்து கிடக்குது. எடுக்கத்தான் வேணும்" என்றார் செக்கன் அண்ணை, திறப்பைத் தொலைத்தவர் மாதிரி.

நாலாவது ஓட்டத்துக்கு முதல்நாள் பயிற்சியில் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். நான் ஒரு வளைவுக்குப் பக்கத்தில் நின்று, சால்வோ கடக்கிறபோது வெள்ளை லேஞ்சித் துணியை ஆட்டவேண்டும். அவர் தூரத்தில் நின்று வோச்சை அமத்துவார். நானும் ஆட்டினேன். அது ஏதோ அபாயக் கொடி என்று எண்ணி ஒரு ஃபின்லாந்துப் பொடியன் வேகத்தைக் குறைத்துவிட்டான். செம்மஞ்சள் சட்டை போட்ட தடக் காவலர் இரண்டு பேர் என்னைத் துரத்த, நான் ஓடினேன். மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தபோது செக்கன் அண்ணை என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "நல்லா ஓடுறாய். நூறு மீற்றர் பதினாலு செக்கன் வரும்."

ஆனால் ஆள் கண்டுபிடித்துவிட்டார். வளைவுகளில் சால்வோ கெட்டிக்காரன். நேரம் விழுந்தது நேர்ப்பாதை துவங்குகிற இடத்தில். அங்கே யாரும் நேரத்தைத் தொலைக்கமாட்டார்கள், காலை அமத்தினால் போதும். அண்ணை அந்த இடத்துக்கே போய் வேலியில் நெஞ்சை வைத்துக்கொண்டு பார்த்தார். திரும்பி வந்தவர் சால்வோவைக் கூப்பிடச் சொன்னார்.

"அவனிட்டைக் கேள். நேர்ப்பாதைக்கு வந்தவுடனை வலக்கை என்ன செய்யுது?"

கேட்டேன். சால்வோ சிவந்துபோனான். ஒவ்வொரு சுற்றிலும் நேர்ப்பாதைக்கு வந்ததும் அவன் சிலுவை போடுகிறான். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள், கடைசியில் விரலுக்கு ஒரு முத்தம். ஹெல்மெட் மறிப்பதால் முத்தத்துக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். கியர் போடவேண்டிய கை, மாதாவிடம் போய்வந்துகொண்டிருந்தது.

மாஸ்த்ரோ தலையில் கைவைத்துக்கொண்டு ரயருக்கு மேல் இருந்துவிட்டார். இரண்டு தரம் கழற்றிய எஞ்சின்!

"விடமுடியாது," என்றான் சால்வோ. "அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கிறன். ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா. இல்லாட்டி என்னை ஓடவே விட்டிருக்கமாட்டா."

நான் மெதுவாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். செக்கன் அண்ணை என் தோளைப் பிடித்தார். "நீ பேசாமல் இரு. நீ சைவக்காரன், பிழையா எடுப்பினம். இது எங்கடை ஆக்களின்ரை பிரச்சினை."

அந்த ஓட்டமும் முடிந்து, அடுத்த ஞாயிறு சியாகுல்லியில் சால்வோவின் வீட்டில் மதியச் சாப்பாடு. பாஸ்தா முடிந்து, மீன் முடிந்து, கோப்பி வந்தது. தாய்க்காரி நல்ல பருமனான, சத்தமான மனிசி. அண்ணை எழும்பி நின்று, சுவாமியாரிடம் பேசுகிற அதே மரியாதையோடு தொடங்கினார். நான் சிஞ்ஞோராவின் தேநீர்ப் பாசையில் மொழிபெயர்த்தேன்.

"அம்மா, சிலுவை போடவேண்டாமெண்டு நான் சொல்லமாட்டன். கட்டாயம் போடவேணும். ஆனால் அவனுக்கு ரெண்டு கைதான் இருக்கு, ரெண்டுக்கும் வேலை இருக்கு. உங்கடை கை சும்மாதானே கிடக்குது? நீங்கள் வந்து நிண்டு போடுங்கோ. அவன் ஓடட்டும்."

தாய்க்காரி கோப்பிக் கோப்பையை வைத்தாள். பிறகு கேட்டாள்: "நான் போட்டால் அது அவனுக்குச் சேருமோ?"

"தாய் போட்டால் ரெண்டு மடங்கு" என்றார் அண்ணை. இது எந்தச் சபையின் படிப்பினை என்று எனக்குத் தெரியாது. வானில் வரும்போது கேட்டேன். "அவசரத்துக்குச் சொன்னனான்" என்றார்.

ஐந்தாவது ஓட்டத்திலிருந்து எங்கள் அணியில் ஒரு ஆள் கூட. அணிக்காரர் நிற்கிற பிட் மதிலோரம் கறுப்புக் கண்ணாடியும் பூப்போட்ட சட்டையுமாய்ச் சால்வோவின் அம்மா. கார் கடக்க, செக்கன் அண்ணை வோச்சை அமத்துவார், அம்மா சிலுவை போடுவார். மற்ற அணிக்காரர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "முதல் ஒரு சுத்து மெதுவா ஓடுகினமே, அதுக்கும் போடவேணுமோ?" என்று அம்மா ஒருதரம் கேட்டார். அண்ணை யோசித்து, "அது கணக்கிலை வராது, கையை மிச்சம் பிடியுங்கோ" என்று தீர்ப்புச் சொன்னார். முடிந்தபிறகு அவவின் தோளுக்கு ஊரிலிருந்து வந்த தைலம் கொடுப்பார். சால்வோ ஒன்பதாவதாக வந்தான். பிறகு ஏழாவது. பிறகு ஆறாவது. மேடை மட்டும் அகப்படவில்லை.

கடைசி ஓட்டம் சிசிலியிலேயே, எண்ணா நகருக்குக் கீழே ஏரியைச் சுற்றிப் போகிற தடத்தில். அதுக்குப் பத்து நாள் முன்னால் செக்கன் அண்ணைக்கு ஒரு செய்தி வந்தது. ஆறு வருசமாக அவர் குவெஸ்தூராவுக்கு நடந்து நடந்து கேட்ட விசா சரிவந்துவிட்டது. ஊரில் விட்டுவந்த மனைவியும் மகளும் வருகிறார்கள். பிளேன் பலெர்மோவில் இறங்குவது கடைசி ஓட்டம் நடக்கிற அதே ஞாயிறு, பின்னேரம் ஐந்து பத்துக்கு.

"அண்ணை, நீங்கள் ஓட்டத்துக்கு வரவேண்டாம்" என்றேன்.

"கணக்குப் பாத்திட்டன். ஒண்டரைக்குத் துவங்கும், ரெண்டேகாலுக்கு முடியும். கார் ரெண்டு மணித்தியாலம். நாலேகாலுக்கு எயார்போட். ஐம்பத்தைஞ்சு நிமிசம் மிச்சம். அதுக்குள்ளை ஒரு பூச்செண்டும் வாங்கலாம்."

மழை வருமென்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. முதல் வளைவிலேயே ஏழெட்டுக் கார்கள் ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சொருகின. ஒருவருக்கும் காயமில்லை, ஆனால் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சால்வோ ஐந்தாவதாக, கீறல்கூட இல்லாமல் நின்றான். உடைந்த கார்களை இழுத்தார்கள், தண்ணீரைத் தள்ளினார்கள். இரண்டு மணி. இரண்டரை. மூன்று மணிக்கு மீண்டும் துவங்கும் என்றார்கள். செக்கன் அண்ணை மதிலோரத்தில் அங்குமிங்கும் நடந்தார். "தம்பி, இப்ப என்ன நேரம்?" என்றார். கழுத்தில் ஸ்டொப்வோச், கையில் மணிக்கூடு கட்டிய மனிதர் என்னிடம் நேரம் கேட்டார்!

மாஸ்த்ரோ இதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்: "ஆறு வருசம் காத்திருந்த மனிசி. இன்னும் அஞ்சு நிமிசம் காக்க வைக்கப்போறியோ? போ! மச்சான், காரை எடு!"

அண்ணை சால்வோவிடம் போனார். ஹெல்மெட்டின் மேல் கையை வைத்தார். பிறகு வந்து ஸ்டொப்வோச்சைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

"ஒவ்வொரு சுத்தும் எழுது. பாசத்திலை அமத்தாதை."

மச்சானின் கார் சேற்றை அடித்துக்கொண்டு போனது. ஓட்டம் துவங்கியது.

நான் எழுதினேன். அம்மா சிலுவை போட்டார். அன்றைக்குத் தகப்பனும் முதல்முறையாக வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றார். பாதியில் சால்வோ நாலாவது. அம்மாவின் வலக்கை எழும்ப மறுத்தது. இடக்கையால் வலக்கையைத் தூக்கிப் போட்டார். கடைசிச் சுற்று. முன்னால் போனவன் அந்த ஃபின்லாந்துப் பொடியன்தான். ஈரத்தில் அவனுக்கு ஒரு சின்ன வழுக்கல். கோட்டுக்கு வந்தபோது சால்வோவின் மூக்கு முன்னால் இருந்தது. மூன்றாவது!

மாஸ்த்ரோ என்னைத் தூக்கினார். நான் யாரையோ தூக்கினேன். அம்மா இன்னும் சிலுவை போட்டுக்கொண்டே இருக்க, தகப்பன் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "போதும், முடிஞ்சுது," என்றார். சால்வோ மேடையில் ஏறினான். வெள்ளிக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள், தேநீர்க் கேத்தல் அளவில். அதை அவன் நேரே கொண்டுவந்து என் கையில் திணித்தான். "அவரிட்டைக் குடு. ஒரு கிழமை வைச்சிருக்கச் சொல்லு."

பொழுதுபட ஒரேத்தோ வீட்டுக்குப் போனேன். மற்ற மூன்று பேரும் மரியாதையாக வெளியே உலாவப் போயிருந்தார்கள். குசினியில் அண்ணையின் மனைவி, மெலிந்த, சிரித்த முகமான பெண், வந்த களைப்போடு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மேசையில் கசங்கிய பூச்செண்டு ஒன்று. அண்ணை ஒரு கதிரையின் நுனியில் விருந்தாளி மாதிரி இருந்தார்.

"எத்தினையாவது?"

"மூண்டு!"

கண்ணை மூடித் திறந்தார். "நேரம்?"

"கடைசிச் சுத்திலை அமத்த மறந்துபோனன் அண்ணை. கத்தினதிலை..."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சத்தத்தைக் குறைத்து, கண்ணால் மூலையைக் காட்டினார். பெரிய சூட்கேசுக்குப் பின்னால் இரண்டு கண் தெரிந்தது.

"கிட்ட வாறாளில்லை தம்பி. நான் வரேக்கை கைக்குழந்தை. என்னைப் போட்டோவிலை மட்டும்தானே தெரியும்."

நான் கோப்பையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் அது பளபளத்தது. சூட்கேசுக்குப் பின்னாலிருந்து ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அடியடியாக வெளியே வந்தது. கோப்பையைத் தொட்டது. அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தது. பிறகு என்னிடம் கேட்டது: "இது ஆர் வெண்டது?"

அண்ணை வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அப்பா. அப்பாதான் கார் ஓடி வெண்டவர்."

பிள்ளை திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தது. மெல்லப் போய் அவருடைய முழங்காலில் ஒரு கையை வைத்தது.

வெளிநாட்டு வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சொன்னதற்காக இன்றைக்கும் சந்தோசப்படுகிற பொய் அது ஒன்றுதான்.