மேல்முனையிலிருந்து இரண்டாவது கேரவன்

பாலரட்,
வியாழன் காலை

பெருமதிப்பிற்குரிய எனிட் அக்காவுக்கு,

உங்கள் தம்பி கிளிஃபர்ட் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் நோரீனும் நலம். நலம் என்பதை, இருவருக்கும் காய்ச்சலோ சளியோ இல்லை என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்றும், ஹோபார்ட்டில் குளிர் இன்னும் மும்முரமாகியிருக்காது என்றும் நம்புகிறேன். உங்கள் நாயையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நோரீன் வழக்கம்போல் உங்களுக்கு போன் செய்வாள். அவள் சொல்லப்போவது எல்லாம் உண்மை. மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் வாயால் கேட்பதற்கு முன்னால் என் கையால் எழுதியதை நீங்கள் படித்துவிட்டால், உங்கள் தம்பி பிறவியிலேயே அப்படிப்பட்டவன் அல்ல என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றலாம் அல்லவா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக ஒரு கேரவன் தேடிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். தரமாகவும் இருக்க வேண்டும், ஓய்வூதியத்துக்குள்ளும் அடங்க வேண்டும் என்பதால் தேடல் நீண்டுவிட்டது. நீண்டதற்கு அது மட்டும் காரணமல்ல, நானும் காரணம். பழைய கேரவனில் பார்க்க வேண்டியது ஈரம். மழைத் தண்ணீர் எங்காவது ஒரு மூலையில் கசிந்து சுவருக்குள்ளேயே மரச்சட்டத்தைத் தின்றுகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்றும் வாங்கி, வண்டி வண்டியாகப் போய்ப் பார்த்தேன். ஈரத்தைக் கண்டுபிடிப்பதில் எனக்குச் சிரமமே இல்லை. கண்டுபிடித்ததை விற்பவரின் முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் முடியவில்லை. தரையே உளுத்துப்போன ஒரு வண்டியின் சொந்தக்காரரிடம், “ரொம்ப அழகா வச்சிருக்கீங்க, யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, அவர் வண்டியைக் கழுவ உதவியும் செய்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவருக்கு நன்றிக் கடிதமும் எழுதினேன். நோரீன் அதைத் தபாலில் போட மறுத்துவிட்டாள்.

இந்த ஈஸ்டர் முடிந்ததும் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பாலரட்டின் குளிரை இன்னொரு வருஷம் அவள் முழங்கால்கள் தாங்காது. ஊரில் எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூனில் குளிர்காலம் பிறந்தால் வடக்கே வெயிலைத் தேடிப் போய்விடுகிறார்கள். அவளுடைய பள்ளித் தோழி டெல்மாவும் தன் கேரவனை இழுத்துக்கொண்டு தனியாகவே குவீன்ஸ்லாந்து போகிறாள், பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. ஜூனுக்குள் நம் வாசலில் ஒரு வண்டி நிற்காவிட்டால் டெல்மாவோடு போய்விடுவேன் என்றாள் நோரீன். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வாணலியில் பேன்கேக்கைத் திருப்பிப் போட்டபடி சாதாரணமாகச் சொன்னாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு லயனலிடம் யோசனை கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற தச்சர், வாழ்நாளில் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. “நல்லா இருக்குன்னு வாயே திறக்கக் கூடாது, கிளிஃப். எதத் தொட்டாலும் மூஞ்ச சுளிக்கணும். திரைச்சீலைல ஆரம்பிச்சு மெத்தை வரைக்கும் குறை சொல்லணும். கடைசில பாதி விலையக் கேட்டுட்டு வாய மூடிக்கணும். மொதல்ல பேசறவன்தான் தோத்தான்” என்றார். நான் கொட்டகைக்குள் போய்ப் புல்வெட்டும் இயந்திரத்தின் முன் நின்று பழகினேன். உள்ளே யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நோரீன் சமையலறையிலிருந்து கேட்டாள்.

பிறகு விளம்பரம் ஒன்று வந்தது. எச்சூக்காவில், ஆற்றங்கரைக் கேரவன் பூங்காவில், திருமதி கார்பெட் என்ற அம்மையார் தன் கணவர் காலமானதால் வண்டியை விற்கிறார். தரமும் விலையும் நமக்கென்றே அளவெடுத்தது போல இருந்தன. போனில் பேசினேன். ஆற்றோர வரிசையில், நதி ஓடிவரும் பக்கத்து மேல்முனையிலிருந்து இரண்டாவது வண்டி, வெளிர்மஞ்சள் நிறம், மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்.

அக்கா, இனிமேல் எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்தவன். மர்ரி நதி எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வரைபடம் வரைய வைத்தவன். அந்த நதியை நேரில் பார்த்தபோது, அன்று அடித்த காற்று அதன் சிற்றலைகளை எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன், நிதானமாக யோசித்தேன், இதுதான் மேல்முனை என்று கைகாட்டினேன். “நல்லாத் தெரியுமா?” என்று நோரீன் கேட்டாள். நதியைப் பற்றி என்னிடமே கேட்கிறாளே என்று எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. அந்த முனையிலிருந்து இரண்டாவதாக ஒரு வெளிர்மஞ்சள் கேரவன் நின்றது. அதன் முன்னால் ஒருவர் துணியால் சன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். வேறு எங்காவது இருந்தால் இந்த இடத்திலேயே குழப்பம் தீர்ந்திருக்கும். ஆனால் கேரவன்காரர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வழியில் போகிறவர் யாராவது வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், உள்ளே அழைத்துப் போய் அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டாமல் விடமாட்டார்கள். அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. “வாங்க தலைவரே, தாராளமாப் பாருங்க. செருப்போடவே வாங்க, பரவால்ல” என்றார். பெயர் மெர்வ். மனைவி கிளெனிஸ் உடனே தேநீருக்குத் தண்ணீர் வைத்து, தேங்காய்த் துருவல் புரட்டிய லாமிங்டன் கேக் டப்பாவைத் திறந்தார். விற்பவர் விதவையாயிற்றே, இவர் யார் என்று எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. உறவினராக இருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன். கேட்டால் அநாகரிகமாக இருக்கும் என்று நினைத்தேன். அன்று நான் அநாகரிகத்துக்குப் பயந்தது அந்த ஒரு முறைதான்.

ஏனென்றால் அதற்குப் பிறகு லயனல் சொன்னபடி ஆரம்பித்துவிட்டேன். அலமாரியை இழுத்து, இது ஆடுகிறது என்றேன். மெத்தையில் நீட்டிப் படுத்து, முகர்ந்து பார்த்து, முகம் சுளித்தேன். திரைச்சீலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இத மொதல்ல கழட்டிக் குப்பைல போடணும்” என்றேன். நீலத் துணியில் கிளெனிஸ் தன் கையாலேயே சிறு சிறு கிளிகளாகத் தைத்த திரைச்சீலை அது. மெர்வ் சிரிக்க முயன்றார். நோரீன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அதை நான், நன்றாகப் போகிறது, தொடரவும் என்று புரிந்துகொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பயமில்லாமல் பேசுகிறேன் என்ற சந்தோஷம் வேறு. சொல்ல வெட்கமாக இருக்கிறது அக்கா, எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு கருவியை எடுத்து முன்சன்னலுக்குக் கீழே மூலையில் வைத்தேன். அலறியது. இங்கே ஈரம் இருக்கிறது என்று சொல்லிக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். டீயில் நனைத்த பிஸ்கட்டைப் போல அந்தச் சுவர் உள்வாங்கியது. விரல் முழுவதும் உள்ளே போய்விட்டது. போனது வரவும் இல்லை, சிராய் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. அந்த நிலையில் மனிதன் என்ன செய்வான்? எனக்குத் தெரிந்த அடுத்த பாடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சுவருக்குள் விரலை வைத்துக்கொண்டே பாதி விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

யாரும் பேசவில்லை. பூங்காவில் மாலை வேளைக்கு மடக்கு நாற்காலிகளையும் பீரையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் வட்டமாக உட்காரும் வழக்கம் உண்டல்லவா, அன்று அந்த வட்டம் சரியாக மெர்வின் சன்னலுக்கு வெளியே கூடியிருந்தது. அத்தனை பேரும் சன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெர்வ் மெதுவாகக் கேட்டார்: “என்ன விலை, தலைவரே? இத நாங்க விக்கறோம்னு உங்களுக்கு யார் சொன்னா?”

கிளெனிஸ் என் தட்டில் வைத்திருந்த லாமிங்டனைத் திரும்ப எடுத்து டப்பாவுக்குள் வைத்து மூடினார். அக்கா, இந்த வயதில் ஒருவனுடைய தட்டிலிருந்து பலகாரம் திரும்பப் போவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கப்போவதில்லை.

மெர்வே இடுக்கி கொண்டுவந்து என் விரலை விடுவித்தார். சேதத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லி என் விலாசத்தையும் போன் எண்ணையும் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். வெளியே வந்தால் நாற்காலி வட்டத்திலிருந்து ஒரு அம்மையார் எழுந்தார். “மூணு மணிக்கு வர்றேன்னது நீங்கதானா?” என்றார். ஆமாம் என்றேன். திருமதி கார்பெட் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்க வீட்டுக்காரர் வச்சிருந்த வண்டி. ஒங்க கட்டைவெரல அது பக்கம் விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, நோரீனை மட்டும் கூட்டிப் போய்க் காட்டினார். நான் ஆற்றங்கரையில் நின்றேன். ஒரு மரக்கட்டை மிதந்து போனது, நான் சொன்னதற்கு நேர் எதிர்த்திசையில்.

நோரீன் திரும்பி வந்தாள். அந்த வண்டி எப்படி இருந்தது என்று அவள் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சுவரெல்லாம் உலர்ந்து, சுத்தமாக, கைக்கெட்டும் விலையில், நாங்கள் இத்தனை காலம் தேடியதேதான் அது. வழியிலுள்ள பெண்டிகோ வரும்வரை அவள் பேசவில்லை. பெண்டிகோவில் போக்குவரத்து விளக்குக்கு நின்றபோது, “டெல்மா கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா” என்றாள். அதற்குப் பிறகு ‘உப்பை எடு’, ‘கதவைச் சாத்து’ என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. பரணிலிருந்து அவளுடைய பெட்டி கீழே இறங்கிவிட்டது. என்னுடையது மேலேயே இருக்கிறது.

ஆகவே அக்கா, ஞாயிற்றுக்கிழமை அவள் பேசும்போது, கிளிஃபர்ட் சிறுவயதிலிருந்தே யார் மனதையும் நோகடிக்காத பிள்ளை என்று சொல்லுங்கள். வீட்டுப் பூனை என் நாற்காலியில் படுத்துவிட்டால் நான் நின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதியதை நினைவூட்டுங்கள். அவளைப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் முழங்கால்களுக்கு வெயில் வேண்டும். தனியாக இருக்க எனக்குப் பயம் இல்லை. முட்டை வேக வைக்கத் தெரியும், கணப்பு மூட்டத் தெரியும். நான் இல்லாமல் அவள் இன்னும் சந்தோஷமாக இருந்துவிடுவாளோ என்பதுதான் பயம். போகட்டும், ஆனால் திரும்பி வரும்படி ஏதாவது சொல்லிவையுங்கள். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு எப்போதும் தெரியும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். கடவுள் உங்களுக்கு நல்ல தூக்கத்தையும், எனக்கு உங்கள் மன்னிப்பையும் தரட்டும்.

தலைகுனிந்த தம்பி,
கிளிஃபர்ட்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள், சனிக்கிழமை காலை, வாசலில் ஹார்ன் சத்தம். எட்டிப் பார்த்தால் மெர்வ், பின்னால், முன்பக்கம் கயிற்றால் இறுக்கிக் கட்டிய அவருடைய வெளிர்மஞ்சள் கேரவன். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் குளியலறைக்குப் போய்விட்டேன். நோரீன்தான் போய்ப் பேசினாள். நான் போட்ட ஓட்டையை அடைக்கலாம் என்று அவர் பலகையைக் கழற்றினாராம். முன்பக்கச் சட்டம் முழுவதும் உளுத்துக் கையோடு வந்துவிட்டதாம். அடுத்த வாரம் அதே வண்டியில் நல்லர்போர் பாலைவெளியைக் கடக்க இருந்தார்களாம். ஆளில்லாத அந்தச் சாலையில் முன்சுவர் பிரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து கிளெனிஸ் அழுதுவிட்டாராம். அவர்கள் திருமதி கார்பெட்டின் வண்டியை வாங்கிவிட்டார்கள். ஆம் அக்கா, அந்த நல்ல வண்டியைத்தான். பழையதை நான் சொன்ன அதே விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்திருந்தார். கிளெனிஸ் ஒரு டப்பா நிறைய லாமிங்டன் கொடுத்தனுப்பியிருந்தார். எனக்கு அவமானம் இரட்டிப்பாகிவிட்டது. இதுவரை தவறு செய்தவனாகவாவது இருந்தேன். இப்போது நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது, இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை.

நான் வெளியே வந்து யோசித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பதற்குள் நோரீன், “எடுத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டாள். “ஓட்டை எங்க இருக்குன்னு நமக்குத் தெரிஞ்ச வண்டி இது ஒண்ணுதான், கிளிஃப்” என்றாள். சட்டத்தை மாற்றித் தர லயனல் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்க வேண்டும், கூலி வேண்டாம் என்கிறார்.

டெல்மாவிடம் இனி எப்படிச் சொல்லப்போகிறாய் என்று நோரீனிடம் கேட்டேன். எச்சூக்காவிலிருந்து வந்த மறுநாளே வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். பெட்டியை இறக்கியது கம்பளி எடுக்கத்தானாம். பிறகு ஏன் என்னிடம் பேசவில்லை என்றேன்.

“கோவமா இருந்தேன்ல? கோவம் வேற, ஊருக்குப் போறது வேற.”

ஆகவே அக்கா, ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தால் நீங்கள் என் சார்பாக ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பூனை விஷயத்தை மட்டும் தயவுசெய்து எடுக்கவே வேண்டாம்.